நாலாம் தொட்டியில் காரம்

குற்றச்சாட்டு இதுதான். இரண்டாயிரத்து இருபத்தைந்தாம் ஆண்டு மார்ச் மாதம் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, எலுமிச்சைப் பானம் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையின் தர மேலாளர், அங்கே இருபத்தேழு ஆண்டுகள் சுவைப் பரிசோதகராக இருந்த ஒருவரின் பணிக்கோப்பில் பின்வரும் வாக்கியத்தைச் சேர்த்தார்: "நெடுங்காலம் சுவைத்ததன் விளைவாக இவருடைய நாக்கு தேய்ந்துவிட்டது, இவரது சுவை உணர்வை இனி நம்ப இயலாது." கீழே கையெழுத்து இருக்கிறது. நகல் மூன்று அலுவலகங்களுக்குப் போயிருக்கிறது. சம்பந்தப்பட்ட நாக்கைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டதற்கு மட்டும் எந்த அடையாளமும் இல்லை.

அந்த வாக்கியம் தவறானது. தவறு என்பதற்கான தாள்கள் அனைத்தும் பரிசோதகரின் வீட்டு அலமாரியில், நீல நிறக் கோப்பில், தேதி வரிசையில் இருக்கின்றன.

பரிசோதகரின் வேலை வெளியாட்களுக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். வடக்குப் பக்க ஜன்னலுள்ள சின்ன அறை, வெள்ளை மேசை, ஆறு கண்ணாடிக் குவளைகள். அவர் ஒரு வாய் எடுத்து, நாக்கு முழுதும் படும்படி சுழற்றி, பக்கத்திலிருக்கும் கிண்ணத்தில் துப்புவார். வெதுவெதுப்பான நீரால் கொப்பளித்து, உப்பில்லாத பிஸ்கட்டை ஒரு கடி கடித்துவிட்டு, பதிவேட்டில் எழுதுவார். இந்த வேலைக்காக அவர் பற்பசையை விட்டார், புகையை விட்டார், வாசனை சோப்பையும் விட்டார். "இந்த வீட்டுல வாசனை சோப்பு கல்யாணத்தோட சரி" என்று தையல்காரியான அவர் மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். தொழிற்சாலையில் அவருக்கு 'நாக்கு அண்ணன்' என்று பெயர். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். அதில் அவருக்கு உள்ளூரப் பெருமையும் உண்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு, பானம் கலக்கும் நாலாம் தொட்டியின் மாதிரி மேசைக்கு வந்தது. ஒரு வாய் எடுத்தார். துப்பினார். கொப்பளித்துவிட்டு இன்னொரு வாய் எடுத்தார். எலுமிச்சை வழக்கமாக நாக்கின் ஓரங்களைச் சுண்டி இழுக்கும், இன்றைக்குச் சுண்டவில்லை. அது அடங்கிய இடத்தில் மெல்லிய உப்பு ஒன்று எட்டிப் பார்த்தது. அவர் எழுதினார்: "நாலாம் தொட்டி. புளிப்பு மட்டு. பின்னால் லேசான உப்பு. காரம். நிறுத்தி வைக்கவும்."

தகராறு முழுவதும் இந்தக் குறிப்பின் 'காரம்' என்ற ஒற்றைச் சொல்லில்தான் இருக்கிறது.

அந்தத் தொழிற்சாலையில் 'காரம்' என்றால் ஒன்றே ஒன்றுதான்: தொட்டிகளையும் குழாய்களையும் கழுவுகிற காரநீர். கழுவல் பிரிவில் ஒரு நாளைக்கு இருபது தடவை அந்தச் சொல் கேட்கும். "காரம் ஓடுதா?" "காரம் போயிடுச்சா?" "காரம் போகிற வரைக்கும் அலசுங்கப்பா!" ஆனால் தர மேலாளர் அங்கே வந்து ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்பு ஒன்பது ஆண்டுகள் அவர் வேலை பார்த்தது நொறுக்குத் தீனித் தொழிற்சாலையில். அங்கே காரம் என்றால் மிளகாய்த் தூள். ஆகவே அவருடைய குறிப்பாணை இப்படித் தொடங்கியது: "எலுமிச்சைப் பானத்தில் காரம் இருப்பதாகப் பரிசோதகர் பதிவு செய்துள்ளார். இத்தொழிற்சாலையில் மிளகாய் எந்த நிலையிலும் பயன்படுத்தப்படுவதில்லை."

அதைப் படித்ததும் பரிசோதகருக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஒரு நிமிட வேலை, போய்ச் சொன்னால் தீர்ந்தது என்று நினைத்து மேலாளரின் அறைக்குப் போனார்.

"சார், நான் எழுதினது மிளகாய்க் காரம் இல்லை. தொட்டி கழுவுற காரம். அலசினது போதாம கொஞ்சம் உள்ள தங்கியிருக்கு."

மேலாளர் கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "காலையில எழுதினது ஒண்ணு, இப்ப சொல்றது ஒண்ணு. நாக்கு மாறிப் பேசாதீங்க."

"இருபத்தேழு வருஷமா இந்த நாக்கு மாறினதில்லை, சார்."

"அதைத்தான் நானும் எழுதியிருக்கேன். மாத்த வேண்டிய காலம் வந்துடுச்சு. நாளையிலிருந்து மூடிப் பிரிவுக்குப் போங்க."

நகல்கள் மூன்றும் அதற்குள் போய்விட்டிருந்தன. தவறு என்று ஒப்புக்கொண்டால் மூன்று இடத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். நியாயமாகச் சொன்னால், மேலாளர் கெட்டவர் அல்லர். நகல் அனுப்புவதில் அவசரக்காரர்.

பரிசோதகர் அங்கிருந்து நேரே கழுவல் பிரிவுக்குப் போனார். அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவரை எல்லோரும் 'நுரை அக்கா' என்றுதான் அழைப்பார்கள். முட்டி வரை ரப்பர் பூட்ஸ், தொண்டையில் ஒலிபெருக்கி.

"அக்கா, நாலாம் தொட்டியில காரம்."

நுரை அக்கா எந்தக் காரம் என்று கேட்கவில்லை. தண்ணீர்க் குழாயைக் கீழே போட்டுவிட்டு, பையிலிருந்து பி.எச். காகிதச் சுருளை எடுத்துக்கொண்டு நடந்தார். துண்டு காகிதம் பானத்தில் நனைந்தது. மூன்றாம் எண்ணின் நிறம் வரவேண்டும். வந்தது ஐந்தின் நிறம்.

"அடப்பாவி நாக்கே!" என்றார் நுரை அக்கா. "காகிதத்துக்கு முன்னாடி நீ சொல்லிட்டியேய்யா."

அன்று மாலைக்குள் பானம் நிறுத்தப்பட்டது. ஒரு புட்டிகூட வெளியே போகவில்லை. மறுநாள் குழாயின் ஒரு வளைவைக் கழற்றிப் பார்த்தபோது, உட்புறத் தொய்வில் காரநீர் தேங்கியிருந்தது தெரிந்தது. பதிவேட்டில் இதைப் பற்றி ஒரே வரி: "பி.எச். மாறுபாடு கண்டறியப்பட்டது." யார் கண்டறிந்தது? வாக்கியத்தில் ஆளே இல்லை. அந்தப் பக்கத்தின் நகலும் நீலக் கோப்பில் சேர்ந்தது. பரிசோதகரோ பன்னிரண்டாம் தேதி காலை மூடிப் பிரிவில் உட்கார்ந்து, நசுங்கிய மூடிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மூடி பொறுக்குவதில் அவமானம் ஒன்றும் இல்லை. உட்காரும் இடம் நல்ல காற்றோட்டமாகவே இருந்தது. அவரை அரித்தது வேறு. குறிப்பாணையை முதல் நாள் கோபத்தோடு படித்தவர், மூன்றாம் நாள் பயத்தோடு படித்தார். வயது ஐம்பத்து நான்கு. உண்மையிலேயே தேய்ந்திருந்தால்? நாலாம் தொட்டியில் சொன்னது குருட்டாம்போக்கில் பலித்ததாக இருந்தால்? மேலாளர் எழுதியது தவறு என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு முன்னால் அது தவறுதானா என்று தெரிந்தாக வேண்டும். பள்ளியை ஒன்பதாம் வகுப்போடு விட்ட அவர், சனிக்கிழமை பொது நூலகத்துக்குப் போய், உடலியல் அடுக்கின் முன்னால் நின்றார்.

நாக்கில் கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளைத்தான் அவர் அதுவரை சுவை மொட்டு என்று நினைத்திருந்தார். அவை வெறும் மேடுகளாம். மொட்டுகள் அவற்றுக்குள் மறைந்து கிடக்கின்றன. ஒவ்வொரு மொட்டிலும் ஐம்பது முதல் நூறு உயிரணுக்கள், பூண்டுப் பற்கள் போல ஒட்டி நிற்கின்றன. உச்சியில் ஒரு சிறு துளை. உமிழ்நீரில் கரைந்து வருவது எதுவோ, அதற்குத்தான் அந்தத் துளைக்குள் அனுமதி.

சர்க்கரை உயிரணுவுக்குள் நுழைவதே இல்லை என்ற இடத்தில் அவர் புத்தகத்தை மூடிவிட்டுச் சற்று நேரம் ஜன்னலைப் பார்த்தார். இத்தனை ஆண்டுகள் சுவைத்த இனிப்பெல்லாம் வாசலோடு போயிருக்கிறது! உயிரணுவின் சவ்வில் இரண்டு புரதங்கள் ஜோடியாக நிற்கின்றன. சர்க்கரையின் மூலக்கூறு அவற்றின் வெளிப்புறத்தில் வந்து ஒட்டுகிறது. ஒட்டியதும் அவை வளைந்துகொடுக்கின்றன. அந்த அசைவில் உட்புறத்தில் அவற்றோடு ஒட்டியிருந்த வேறொரு புரதம் கழன்று ஓடி, ஒரு நொதியை எழுப்புகிறது. நொதி சவ்விலிருந்தே ஒரு துணுக்கை வெட்டுகிறது. அந்தத் துணுக்கு, உள்ளே சேமித்து வைத்திருக்கும் கால்சியத்தைத் திறந்துவிடுகிறது. கால்சியம் பெருகினால் சோடியத்தின் கதவு திறக்கிறது, சோடியம் பாய்ந்து வந்ததும் உயிரணுவின் மின்னழுத்தம் மாறுகிறது, கடைசியில் ஏ.டி.பி. என்ற மூலக்கூறு வெளியே கொட்டி, காத்திருக்கும் நரம்பைத் தட்டுகிறது. நரம்பு மூளைக்குச் சொல்கிறது: இனிப்பு. இவ்வளவும் கண் சிமிட்டும் நேரத்தில். தம் அலுவலகத்தில் ஒரு விடுப்புக் கடிதம் இத்தனை மேசை கடக்க இரண்டு வாரம் ஆகும் என்று பரிசோதகர் நினைத்துக்கொண்டார்.

கசப்புக்கும் இதே சங்கிலிதான். ஆனால் அதன் வாசலில் நிற்கும் புரதங்கள் ஒரு ஜோடி அல்ல, ஏறக்குறைய இருபத்தைந்து வகை. விஷத்தில் பெரும்பாலானது கசக்கும் என்பதால், உடல் அந்த வாசலுக்கு மட்டும் ஏகப்பட்ட காவல் போட்டிருக்கிறது. புளிப்புக்கு இந்தச் சம்பிரதாயம் எதுவும் கிடையாது. அமிலத்திலிருந்து பிரிந்த ஹைட்ரஜன் அயனி, தனக்கென்று உள்ள கால்வாய் வழியாகக் கேட்காமல் கொள்ளாமல் உள்ளே புகுந்துவிடுகிறது. உப்பின் சோடியமும் அந்த ரகம்தான்.

இதைப் படித்த கையோடு அவர் தம் பதிவின் நகலை எடுத்து மேசையில் விரித்தார். புளிப்பு மட்டு: ஹைட்ரஜன் அயனிகள் குறைந்திருக்கின்றன. லேசான உப்பு: சோடியம் கூடியிருக்கிறது. அமிலத்தைத் தின்றுவிட்டு அதன் இடத்தில் சோடியத்தை விட்டுப் போவது எது? காரநீர். பழக்கத்தில் எழுதிய ஒரு வரிக்குள் முழுக் கணக்கும் இருந்திருக்கிறது. அவருடைய உயிரணுக்கள் அவருக்கே தெரியாமல் அதைப் போட்டு முடித்திருக்கின்றன.

அடுத்த வாரம் இன்னொரு பக்கம் கிடைத்தது. மிளகாயின் எரிப்புக்குச் சுவை மொட்டில் இடமே கிடையாதாம். அதை உணர்வது சூட்டையும் வலியையும் உணர்கிற நரம்பு நுனி. சுடுநீர் பட்டால் எந்தக் கதவு திறக்குமோ, அதே கதவை மிளகாயும் திறந்துவிடுகிறது. அப்படியானால், மேலாளர் நினைத்தபடியே அவர் மிளகாயை உணர்ந்திருந்தாலும், அதை வைத்துச் சுவை உணர்வைக் குறை சொல்ல வழியில்லை. வழக்கு வேறு, சாட்சி வேறு. இந்தப் பக்கத்துக்கு இரண்டு நகல் எடுத்தார்.

மூன்றாவது பக்கத்தில்தான் அவருக்கு மூச்சு வந்தது. சுவை உயிரணு சராசரியாகப் பத்து நாள்தான் உயிரோடு இருக்கும்; சில இன்னும் கொஞ்சம் கூடுதலாக. பழையது போகப் போக, அடியிலிருந்து புதியது வளர்ந்து அந்த இடத்தில் வந்து நிற்கும். வயது ஏற ஏற இந்தப் புதுப்பித்தல் மந்தமாகலாம் என்றும் அதே பக்கத்தில் இருந்தது. அவர் அதை மறைக்கவில்லை. அந்த வரியையும் சேர்த்தே அடிக்கோடிட்டார். மந்தமாகியிருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வழி ஒன்றுதான்: சோதித்துப் பார்க்க வேண்டும்.

அன்று மாலை தையல் மேசையில் துணிக்குப் பதிலாக எட்டுக் குவளைகள் ஏறின. ஏழில் வெறும் நீர். ஒன்றில் மட்டும் உப்போ, சர்க்கரையோ, எலுமிச்சையோ, மிகச் சிறிய அளவில். எதில் எது என்று மனைவிக்கு மட்டுமே தெரியும். அளவுகளைத் துணி அளவு எழுதும் நோட்டில் குறித்துக்கொண்டார்.

"ஏங்க, ஆபீஸ்ல துப்பினது போதாதா? வீட்டுலயும் ஆரம்பிச்சாச்சா?"

"பேசாத. கவனம் கலையுது."

"நாக்கைத்தான் சோதிக்கிறீங்க, காதை இல்லையே." ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டே சிரித்தார். "சரி, எது?"

"அஞ்சு. உப்பு."

மனைவி நோட்டைப் பார்த்தார். புருவம் ஏறியது. "நான் விரல் நுனியில ஒட்டினதைத்தான் தட்டிவிட்டேன்."

"எழுது."

"எழுதிட்டேன், எழுதிட்டேன். இவ்வளவு கூர்மையான நாக்கை வச்சுக்கிட்டு, போன மாசம் நான் தேநீர்ல சர்க்கரையே போடாம கொடுத்தப்ப ஏன் வாயைத் திறக்கலை?"

"தெரிஞ்சுது. சொன்னா நீ வருத்தப்படுவேன்னு குடிச்சுட்டேன்."

அன்றிலிருந்து குவளை கலக்குவதில் மனைவிக்கும் ஒரு வீறாப்பு பிடித்துக்கொண்டது. தினமும் அளவைக் குறைத்துக்கொண்டே போனார். ஒன்பது மாலைகள், நாற்பத்தைந்து சுற்றுகள். நாற்பத்திரண்டு சரி. தவறிய மூன்றும் சளி பிடித்திருந்த ஒரே நாளில். நோட்டின் அந்தப் பக்கங்களில் மனைவி கையெழுத்துப் போட்டுத் தேதியும் இட்டார். இரண்டு பக்கங்களில் பக்கத்து வீட்டுக்காரியின் ரவிக்கை அளவும் இருக்கிறது. ஆவணம் ஆவணம்தான் என்று பரிசோதகர் அதையும் அப்படியே நகலெடுத்தார்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி, திங்கட்கிழமை காலை, மேலாளரே அவரைக் கூப்பிட்டனுப்பினார். அதற்குக் காரணம் நுரை அக்கா. "நாக்கு அண்ணன் இல்லாத மேசைக்கு என் தொட்டியிலிருந்து மாதிரி வராது" என்று முந்தின வாரம் முழுவதும் அவர் வராந்தாவில் நின்று முழங்கியிருந்தார். ஆறு குவளைகள் தயாராக இருந்தன. கலக்கியவர் மேலாளர்; எல்லாம் எலுமிச்சைப் பானம், ஒன்றில் மட்டும், புளிப்பைக் குறைக்க, கேடில்லாத சிட்டிகை அளவு சமையல் சோடா.

பரிசோதகர் வரிசையாகச் சுவைத்தார், துப்பினார், கொப்பளித்தார். நான்காவது குவளை வந்ததும் கண்ணை மூடினார். தாளில் எழுதி நீட்டினார்: "நான்கு. புளிப்பு மட்டு. காரம்."

"மறுபடியும் காரமா?" மேலாளர் குவளையை எடுத்துத் தாமே ஒரு வாய் குடித்தார். "இதுல எங்கங்க காரம்? சப்புன்னு இருக்கு."

"அந்தச் சப்புதான் சார் காரம்" என்றார் நுரை அக்கா கதவோரத்திலிருந்து.

பரிசோதகர் நீலக் கோப்பைப் பிரித்து மேசையில் வைத்தார். இருபத்தேழு ஆண்டுகளின் பதிவேட்டு நகல்கள், 'காரம்' என்று அவர் எழுதிய நாற்பத்தொரு இடங்கள், ஒவ்வொன்றின் கீழும் கழுவல் பிரிவின் பதில்: "மீண்டும் அலசப்பட்டது." நாற்பத்தொரு கையெழுத்துகள்.

மேலாளர் புரட்டினார். பாதி வழியில் அவருடைய காது சிவந்தது. பிறகு, அதை அவர் பக்கத்துக்கு வரவு வைத்தே ஆகவேண்டும், வாய்விட்டுச் சிரித்தார்.

"நாற்பத்தோரு தடவை மிளகாயையா அலசியிருப்பாங்க!" என்றார். "எங்க பழைய தொழிற்சாலையில காரம் இல்லைன்னாதான் திட்டு விழும். சரிங்க, தப்பு என்னோடதுதான். இப்பவே உங்க மேசைக்குப் போங்க."

"சந்தோஷம், சார். கோப்புல இருக்கிற அந்த வாக்கியம்?"

"அதான் மேசைக்கே அனுப்பிட்டேனே. பேப்பர் எதுக்கு? நமக்குள்ள என்ன?"

பரிசோதகர் மேசைக்குத் திரும்பினார். வடக்கு ஜன்னலில் அதே வெளிச்சம். சுவரில் நாக்கின் பழைய வரைபடம் தொங்கியது: நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு. எல்லாச் சுவையும் எல்லாப் பக்கத்திலும் தெரியும் என்று புத்தகத்தில் படித்துவிட்டதால், அதைக் கழற்றிச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். மூடிப் பிரிவிலிருந்து இருவர் வந்து கைகுலுக்கிவிட்டுப் போனார்கள். நாலாம் தொட்டியின் மாதிரி வந்தது. எலுமிச்சை நாக்கின் ஓரங்களைச் சுண்டி இழுத்தது. நிறைவாக இருந்தது; அதை அவர் மறுக்கவில்லை.

ஆனால் மூன்று அலுவலகங்களில் அவருடைய நாக்கு இன்னும் தேய்ந்துதான் கிடக்கிறது. நாளைக்கு ஒரு மோசமான தொட்டியை அவர் நிறுத்தச் சொன்னால், எவரேனும் அந்தத் தாளை எடுத்து நீட்டலாம். அப்போது பக்கத்தில் நுரை அக்கா இல்லாமல் போகலாம். பானம் புட்டிக்குப் போய்விடலாம். ஒன்பது நாள் வாய்மொழியை நம்பிக் காத்திருந்தார். பிறகு, ஏப்ரல் ஒன்பதாம் தேதி, புதன்கிழமை மாலை, தையல் மேசையில் உட்கார்ந்து, மேலாளருக்கும் தலைமை அலுவலகத்துக்கும் கடிதம் எழுதத் தொடங்கினார்.

"மேசையே திரும்பக் கிடைச்சாச்சு, இன்னும் என்னத்துக்கு எழுதறீங்க?" என்றார் மனைவி.

"மேசை தொழிற்சாலையோடது. நாக்கு என்னோடது."

மனைவி விளக்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். "அப்படின்னா அந்த ரவிக்கை அளவு இருக்கிற பக்கத்தையும் இணைச்சு அனுப்புங்க. தலைமை அலுவலகம் தைச்சுக்கட்டும்."

கடிதத்தின் முடிவுப் பகுதி வருமாறு:

"மேற்கண்ட குறிப்பாணையில், இருபத்தேழு ஆண்டுப் பயன்பாட்டால் என் நாக்கு தேய்ந்ததாகக் கூறப்பட்டுள்ளது. சுவை உயிரணுவின் சராசரி ஆயுள் பத்து நாள் (இணைப்பு ஆறு). ஆகவே என் நாக்கில் இருபத்தேழு ஆண்டுப் பணி செய்த சுவை உயிரணு ஒன்றுகூட இல்லை. அங்கே இருப்பவை அனைத்தும் புதிதாகச் சேர்ந்தவை. குறிப்பாணை எழுதப்பட்ட நாளில் பணியில் இருந்தவற்றில் பெரும்பாலானவை இன்று உயிரோடு இல்லை. தங்கள்மீது சுமத்தப்பட்ட பழிக்கு விளக்கம் அளிக்க வாய்ப்புத் தரப்படாமலே அவை போய்விட்டன. அவற்றின் சார்பாகவும் என் சார்பாகவும் நான் கேட்பது: அந்த வாக்கியம் நீக்கப்பட வேண்டும், நீக்கப்பட்ட செய்தி, முன்பு நகல் பெற்ற மூன்று அலுவலகங்களுக்கும் நகலாக அனுப்பப்பட வேண்டும், நாலாம் தொட்டியின் பதிவில் 'கண்டறியப்பட்டது' என்ற இடத்தில், கண்டறிந்தவர் இன்னார் என்று எழுதப்பட வேண்டும். அந்த இடத்தில் கழுவல் பிரிவுத் தலைவியின் பெயரும் இடம்பெறுவதில் எனக்கு மகிழ்ச்சியே. பதிலில் 'காரம்' என்ற சொல் வருமாயின், எந்தக் காரம் என்பதையும் தயவுசெய்து குறிப்பிடவும். வாய்மொழிப் பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது, அதற்கு நன்றி. இக்கடிதம் கிடைத்த பதினைந்து நாட்களுக்குள், தேதியும் கையெழுத்தும் இட்டு, எழுத்தில் பதில் தரவும்."